பாப்பாவின் ட்யூனிங்கும் அண்ணனின் கியரும்

பாப்பாவுக்கு முப்பத்தெட்டு வயது. காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. கண்ணாடி போட்டாயிற்று. ஒரு காரின் எஞ்சினுக்கு எந்தச் சுற்றில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், தீப்பொறி எப்போது விழ வேண்டும் என்று லேப்டாப்பை வைத்து மாற்றி அமைக்கிற வேலையில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் அவள் பாப்பாதான். அண்ணன் அப்படிக் கூப்பிட்டார். அவரைப் பார்த்து அண்ணி கூப்பிட்டாள். அவர்களைப் பார்த்து பட்டறையில் வேலை செய்கிறவர்கள் கூப்பிட்டார்கள். கடைசியில், முன்பின் தெரியாத ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "பாப்பா, அண்ணன் இல்லையா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. இதே வயதில் ஒரு ஆண்பிள்ளையை யாராவது ராஜாக்குட்டி என்று கூப்பிட்டு ஆயில் மாற்றச் சொல்லுவார்களா? சொல்லிப் பார்க்கட்டும், ஸ்பேனர் பறந்து வரும்.

பட்டறை அண்ணன் பேரில் இருந்தது. தகரக் கூரை, நடுவில் வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழி, சுவரோரம் டயர் அடுக்கு, முன்பக்கம் ஒரு கண்ணாடி அறை. அந்த அறைதான் பாப்பாவின் இடம். அவள் அங்கே சும்மா வந்து உட்காரவில்லை. ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்து, கார் கம்பெனி ஒன்றின் சோதனைப் பிரிவில் பல வருஷம் இருந்தவள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, வளைந்து வளைந்து போகிற சோதனைப் பாதையில் நாள் முழுக்கச் சுற்றுவாள். முதல் வாரம் முழுக்க வாந்தி. அப்புறம் பழகிவிட்டது. பெரிய பதவி வரப்போகிற நேரத்தில்தான் அண்ணன் போய் அவள் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கசக்கினார்.

"வண்டியெல்லாம் இப்ப கம்ப்யூட்டர் ஆயிடுச்சு பாப்பா. எனக்கு கண்ணக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு. நீ வந்தாதான் கடை நிக்கும்."

அவள் வந்தாள். கடை நின்றது. நின்றது மட்டுமா, ஓட ஆரம்பித்தது. ஓட ஆரம்பித்ததும் அது மறுபடி அண்ணன் கடை ஆகிவிட்டது.

அண்ணன் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டுவதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு பல் சக்கரத்தைத் தடவியே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடையில் எது தவறிப்போனாலும் அதை பாப்பா தலையில் கட்டிவிடுவார். சீட்டில் ஆயில் கறையா, பாப்பாதான் கவனிக்கவில்லை. சக்கர மூடி தொலைந்துவிட்டதா, பாப்பா எங்கேயோ வைத்துவிட்டாள். வண்டி சொன்ன நேரத்துக்குத் தயாராகவில்லையா, பாப்பா இன்னும் லேப்டாப்பை மூடவில்லை. ஆண்பிள்ளை மேல் பாய்கிற வாடிக்கையாளர், பெண்பிள்ளை என்றதும் "சரி போகட்டும்" என்று அடங்கிவிடுவார். இந்த வித்தையைக் கண்டுபிடித்ததில் அண்ணனுக்குத் தனிப் பெருமை.

"வீட்டுப் பொண்ணு மேல யாரும் கோபப்பட மாட்டாங்க பாப்பா. ஒரு வார்த்தை, அதோட முடிஞ்சது. நமக்குள்ள என்ன?"

நமக்குள் என்ன என்று அவளும் விட்டுக்கொண்டே வந்தாள். கறையும் மூடியும் போனால் போகிறது. அவளுக்கென்று இருந்தது ட்யூனிங் ஒன்றுதான். அதில் அவள் கை வைத்த வண்டி எதுவும் திரும்பி வந்ததில்லை. ஒரு வாடிக்கையாளர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் தன் மைத்துனரிடம் சொல்லி, இப்படித்தான் வேலை வந்துகொண்டிருந்தது. அந்தப் பேர் ஒரு தடவை கெட்டால், அப்புறம் யாரும் எஞ்சினை அவள் கையில் கொடுக்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மரக்கடைக்காரர் வந்தார். கறுப்பு நிறத்தில், கப்பல் மாதிரி நீளமான ஒரு சொகுசு கார். கதவைச் சாத்தினால் சத்தமே வராது. சீட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வரும். தூங்கிக்கொண்டே போக வேண்டிய அந்த வண்டியைத்தான் அவர் சீறிப் பாய வைக்க வேண்டும் என்றார். காரணம் அவருடைய சம்பந்தி. பெண்ணைக் கொடுத்த இடத்தில் எல்லாம் சுமுகம், கார் விஷயம் மட்டும் ஆகவில்லை. சம்பந்தியிடம் அதைவிடப் புதிய கார் இருந்தது. ஊருக்கு வெளியே போட்டு முடித்து இன்னும் திறக்காத புறவழிச் சாலை ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நூறைத் தொடுகிறவரை ஒரே மிதியாக மிதித்துப் பார்ப்பார்களாம். மரக்கடைக்காரரின் மகள் ஓரமாக நின்று போனில் நேரம் பார்ப்பாளாம். பேரன் பேத்தி எடுக்கப்போகிற வயதில் இது தேவையா என்று கேட்க ஆளில்லை.

"ஒவ்வொரு வாட்டியும் அவர் முன்னாடி போயிடுறார் தம்பி. என் பொண்ணு சிரிக்கிறா. அதான் தாங்கல" என்றார் அண்ணனிடம். "கியரை மாத்திட்டா பாய்ஞ்சு போகும்ங்கிறாங்களே?"

பாப்பா கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"சார், கியரைத் தொட வேண்டாம். சைக்கிள்ல சின்னக் கியர் போட்டு மிதிச்சா சட்டுனு கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் கால்தான் பறக்கும், சைக்கிள் போகாது. உடனே அடுத்த கியர் போட்டாகணும். உங்க வண்டி ரெண்டாவது கியர்லயே நூறைத் தாண்டிடும். கம்பெனிக்காரங்க யோசிச்சுத்தான் அப்படி வச்சிருக்காங்க. அதைச் சின்னதாக்கினா, நூறுக்குக் கொஞ்சம் முன்னாடியே எஞ்சின் உச்சிக்குப் போயிடும். மூணாவது கியருக்கு மாறணும். மாறும்போது இழுவை அறுந்துபோகும். உங்க சம்பந்தி அந்த நேரத்துல போயே போயிடுவார்."

"அப்ப என்னதான் பண்றது?"

"எஞ்சினைத் திருத்துறேன். நடுச் சுத்துல இழுவையைக் கூட்டுறேன். ஒரு கியர்லேர்ந்து இன்னொண்ணுக்கு இன்னும் வேகமா மாறுற மாதிரி வைக்கிறேன். கிளம்பும்போது மட்டும் கொஞ்சம் அடக்கி வைக்கணும். இல்லன்னா டயர் நின்ன இடத்துலயே சுத்தும், வண்டி நகராது."

மரக்கடைக்காரர் தலையாட்டினார், அண்ணனைப் பார்த்து. அவள் பேசி முடித்ததும் அண்ணனிடம், "செஞ்சிடலாமா தம்பி?" என்றார். அண்ணனும் எல்லாம் தன் யோசனை மாதிரி, "செஞ்சிடலாம் சார்" என்றார்.

அந்த வாரம் முழுக்க பாப்பா அந்த வண்டியோடு கிடந்தாள். கொஞ்சம் மாற்றுவாள், ஓட்டிப் பார்ப்பாள், பிடிக்காமல் மறுபடி மாற்றுவாள். சொகுசு காரில் இதுதான் சங்கடம். வேகமும் கூட வேண்டும், பின்சீட்டில் இருப்பவர் கையில் காபி தளும்பவும் கூடாது. முடித்ததும் மரக்கடைக்காரரையே ஓட்டச் சொன்னாள். மிதித்தார். வண்டி உறுமாமல், உலுக்காமல், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி போனது. திரும்பி வந்தபோது மனிதர் வாய் காது வரைக்கும் போயிருந்தது. பாப்பாவும் சிரித்தாள். அன்றைக்கு அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் போகிறபோது மரக்கடைக்காரர் அண்ணன் தோளில் கை போட்டுக்கொண்டு ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"எல்லாம் சரி தம்பி. ஆனா உன் கை படலையே? லேப்டாப்புல தட்டுனதுதானே இது? நீ ஏதாவது பண்ணா இன்னும் போகும் இல்ல?"

அண்ணனுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல். அவள் போர்வைக்குள் கிடந்த நேரத்தில் அண்ணன் மரக்கடைக்காரரைக் கூப்பிட்டு, "ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு" என்று வண்டியை வரவழைத்தார். அதே மாடலில் சின்ன எஞ்சின் வைத்த பழைய வண்டி ஒன்று கொட்டகைக்குப் பின்னால் கழற்றிப் போடப்பட்டுக் கிடந்தது. அதன் பின் அச்சில் இருக்கிற டிஃபரன்ஷியலில் சின்னக் கியர். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அதைத் தூக்கி, இந்த வண்டியில் மாட்டிவிட்டார். கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு துளி ஆயில் ஒழுகவில்லை. பட்டறைக்குள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். காலை வைத்ததும் துள்ளியது. அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். பாப்பாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பது திங்கட்கிழமை காலையில் பட்டறை முழுக்கக் கேட்டது.

"எவ்வளவு நம்பி விட்டேன்! முன்னாடி ஒரு வண்டி தூரத்துல தோத்தேன். இப்ப ரெண்டு வண்டி தூரம்! மனுஷன் இறங்கி வந்து, வண்டியை நல்ல எடமா பாத்து சர்வீஸ் விடுங்க சம்பந்தின்னு சொல்றான்! என் பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறா! என்னய்யா பண்ணி வச்சீங்க?"

மரக்கடைக்காரர் குதி குதி என்று குதித்தார். வேலை செய்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு நிமிஷம்தான். அப்புறம் பழக்கம் முந்திக்கொண்டது.

"பாப்பாதான் சார், லேப்டாப்புல ஏதோ மாத்தி வச்சிட்டா போல. நான் என்னன்னு பாக்குறேன். வண்டியை விட்டுட்டுப் போங்க."

பாப்பா கண்ணாடி அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தாள். ஆயில் கறையைப் பற்றிச் சொன்ன அதே குரல், அதே சாதாரணம். தன் வேலையில் எங்கே தப்பு வந்திருக்கும் என்று முதலில் அவள் தன்னையேதான் சந்தேகப்பட்டாள். மரக்கடைக்காரர் அவள் பக்கம் திரும்பி, ஏதோ சொல்ல வந்து, பெண்பிள்ளை என்று விட்டுவிட்டார். அந்தப் பெருந்தன்மை அவள் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அவர் போனதும் சாவியை எடுத்துக்கொண்டு புறவழிச் சாலைக்குப் போனாள். கிளம்பும்போதே டயர் வழுக்கியது. வழுக்கியதும் வண்டியே பயந்துபோய் எஞ்சினை அடக்கியது. தான் அளந்து அளந்து வைத்த கிளம்பல் எங்கே போனது என்று யோசிப்பதற்குள் இரண்டாவது கியர் உச்சிக்குப் போய் முட்டியது. வேக முள் இன்னும் நூறைத் தொடவில்லை. மூன்றாவது கியர் விழுந்தது, இழுவை தொங்கிப்போனது. அவள் மரக்கடைக்காரரிடம் சொன்னது ஒன்று விடாமல் நடந்தது. பிறகு ஒரே சீராக அறுபதில் ஓட்டினாள். முன்பு அறுபதில் எஞ்சின் இவ்வளவு வேகமாகச் சுற்றவில்லை. லேப்டாப்பில் என்ன மாற்றினாலும் இது மாறாது. கியர் மாறினால்தான் மாறும்.

சாலை ஓரமாக நிறுத்தி, இறங்கிக் குனிந்து பின் அச்சைப் பார்த்தாள்; அங்கே பழைய வண்டியின் பெட்டி இருந்தது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, காது மடல் சூடாகிற அளவுக்கு.

மத்தியானச் சாப்பாட்டில் அண்ணன் தட்டைவிட்டு நிமிரவே இல்லை. வீடு பட்டறைக்குப் பின்னால்தான். அண்ணி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"பின்னாடி பெட்டியை மாத்தினது நீதானே?" என்றாள் பாப்பா.

"கொஞ்சம் உதவியாத்தான் இருக்கும்னு..."

"வேண்டாம்னு நான் சொன்னப்ப நீ பக்கத்துலதானே நின்ன?"

"அவர் கேட்டார் பாப்பா. உன் கை படலையான்னு கேட்டார். நான் என்ன பண்ணுவேன்?"

"சரி, பண்ணிட்ட. என் பேரை ஏன் சொன்ன?"

அண்ணன் தண்ணீர் குடித்தார். "எப்பவும் சொல்றதுதானே. இதுக்குப் போய் ஏன் இவ்வளவு? நாளைக்கு அவர் வந்தா, ஆமா சார், என் கவனக்குறைவுதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அவர் சும்மா போயிடுவார்."

"என் ட்யூனிங் தப்புன்னு நானே என் வாயால சொல்லணுமா?"

"கடையை நடத்துறவன் நான். எனக்கே கியர் தெரியலைன்னு வெளியில பேச்சு வந்தா நல்லாவா இருக்கும்? உனக்கு என்ன, நீ உள்ள உக்காந்திருக்கிறவ."

பாப்பா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி குழம்புச் சட்டியைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "ஆம்பளைக்கு அவமானம்னா வெளியில தலை காட்ட முடியாது பாப்பா. நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்" என்றாள். தலை காட்டுகிற உரிமை யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது அந்த வீட்டில் இவ்வளவு சுலபமாகத் தீர்ந்துபோனது. பாப்பா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது அண்ணன் ஏற்கெனவே குழிக்குள் இறங்கியிருந்தார். கறுப்பு வண்டி மேலே நின்றது. தான் மாட்டியதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அந்த வண்டியின் சொந்தப் பெட்டியை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் முதல் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் பழையபடி ஆக்கிவிடலாம் என்ற கணக்கு. பாப்பாவுக்கு ஒரு நொடி மனசு இளகியது. தப்பைத் தானே சரி செய்கிறாரே, வாயால் சொல்லாவிட்டால் என்ன என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மரக்கடைக்காரர் வந்து சேர்ந்தார்.

"என்ன தம்பி, குழிக்குள்ள இறங்கிட்ட?"

"ஒண்ணும் இல்ல சார்" என்று கீழேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "பாப்பா பண்ணி வச்சதைச் சரி பண்ணிக்கிட்டிருக்கேன். மத்தியானத்துக்குள்ள வண்டி ரெடி. இனிமே பறக்கும் பாருங்க."

"உன் கை பட்டா சரிதான். நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார் மரக்கடைக்காரர். பாப்பாவைப் பார்த்து, "தப்புங்கிறது எல்லாருக்கும் வரும்மா. ஒத்துக்கணும், அதுதான் அழகு. அண்ணன்கிட்ட பக்கத்துல நின்னு கத்துக்கோ" என்றார்.

இளகிய மனசு இறுகிப்போனது. வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். குழியிலிருந்து அண்ணனின் கை மேலே நீண்டது.

"பாப்பா, அந்த ரிங் ஸ்பேனரை எடு."

ஸ்பேனர் அவள் காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்தாள். கொடுக்கவில்லை.

"பாப்பா, சீக்கிரம். பெட்டி ஒரே போல்ட்டுல நிக்குது. நான் கையை எடுக்க முடியாது."

"ஜாக்கி தாங்கும். விழாது. முதல்ல சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"இந்த வண்டியில யார் என்ன பண்ணாங்கன்னு சொல்லு. சார் காதுல விழுற மாதிரி."

நீண்ட கை நீண்டபடியே இருந்தது. விரல்கள் ஒரு தடவை மூடித் திறந்தன. மரக்கடைக்காரர் குழியையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை செய்கிறவர் ஒருவர் பக்கத்துப் பையனை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். பாப்பா நகரவில்லை. எத்தனையோ வருஷமாக எல்லாவற்றையும் விழுங்கியாயிற்று. இன்றைக்கும் விழுங்கினால் இனி ஒருபோதும் வாய் திறக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

"பெட்டியை மாத்தினது நான் சார்" என்றார் அண்ணன் கடைசியில். குரல் சேற்றில் புதைந்த மாதிரி வந்தது.

"காதுல விழல" என்றாள் பாப்பா.

"பெட்டியை மாத்தினது நான் சார்!" குழி முழுக்க எதிரொலித்தது. "பாப்பா வேண்டாம்னு சொன்னா. அவளுக்குக் காய்ச்சலா இருந்தப்ப, கேக்காம நானே சின்னக் கியரை மாட்டிட்டேன். அதனாலதான் நீங்க தோத்தீங்க. அவ ட்யூனிங்ல ஒரு தப்பும் இல்ல. போதுமா?"

யாரோ ஒருவர் கையிலிருந்த போல்ட்டைத் தட்டில் போட்ட சத்தம் கேட்டது. மரக்கடைக்காரர் முகம் சிவந்தது. குழிக்குள் இருப்பவர் மேல் பாய்வதா, வெட்கப்படுவதா என்று தெரியாமல் நின்றவர், கடைசியில் பாப்பா பக்கம் திரும்பிக் கோபமாகக் கேட்டார்.

"ஏம்மா, இவ்வளவு தெரிஞ்சிருந்தும் நேத்தே நீ ஏன் சொல்லல?"

பாப்பா குனிந்து ஸ்பேனரை அண்ணன் கையில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நேத்து நீங்க என்னைக் கேக்கல சார். அண்ணனைத்தான் கேட்டீங்க."